திரிகூட மலையில் ஒரு பகற்பொழுது

புளியங்குடியில் வாழ்வோர்க்கு மேற்கு என்னும் திசை மலையாகவே அமைந்திருக்கிறது. காலைக் கதிர் முதலில் மலைமுகட்டில் படியும். பின்னர் மெல்ல இறங்கி, எலுமிச்சைத் தோப்புகளைக் கடந்து, எங்கள் தெருவுக்கு வந்து சேரும். மாலையில் ஞாயிறு மலைக்குப் பின்னே விரைந்து மறைந்துவிடுவதால் அந்தியும் எங்கள் ஊருக்குச் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. மலைமேல் மேகம் கவிந்தால் எலுமிச்சைச் சந்தையில் மூட்டைகளைத் தார்ப்பாய் கொண்டு மூடுவர். மலை தெளிவாகத் தெரிந்தால் இன்று மழை இல்லை என்பர். நாள்தோறும் மலையைக் கொண்டே பொழுதையும் மழையையும் அறியும் ஊர் எங்கள் ஊர்.

இத்தகைய ஊரில் பிறந்து ஆறாம் வகுப்பில் பயிலும் எங்கள் இளையவன், பள்ளி ஓவியத்திற்காக ஒரு மலை வரைந்தான். இரண்டு முக்கோணங்கள், இடையே உதிக்கும் கதிரவன், கீழே நெளிந்தோடும் ஆறு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் வரையும் அதே மலைதான். "நம் ஊர் மலைக்கு மேலே சூரியன் உதிக்குமா?" என வினவினோம். அவன் மாடிக்குச் சென்று மேற்கே நோக்கிச் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பி, "இது அந்த மலை இல்லை, படத்துல உள்ள மலை" என்றான். அவன் கூற்றில் பிழை ஏதும் இல்லை. மாடியிலிருந்து தெரியும் மலைக்குள் அவன் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. பாடநூலில் உள்ள மலையையோ நன்கு அறிவான்.

பிள்ளைகளுக்கு ஆச்சியும் எங்களுக்கு அம்மாவுமாகிய மூதாட்டியார் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் இளமையில் மலையடிவாரம் என்பது வீட்டுக் கொல்லையின் நீட்சி போன்றது. வயலுக்குத் தழையுரம் வேண்டுமாயின் மலையடிவாரம். அடுப்புக்குச் சுள்ளி வேண்டுமாயினும் அதுவே. விடியலில் பெண்கள் கூட்டமாகப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் தலைச்சுமையோடு திரும்புவராம். நெல்லியும் நாவலும் எந்தச் சரிவில் காய்க்கும் என்பதை அவர் இன்றும் விரல் நீட்டிக் காட்டுவார். ஆனால் விரல் நீட்டிய இடத்திற்கு இன்று எவரும் செல்லவியலாது. எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள காடுகளை உள்ளடக்கி 2015ஆம் ஆண்டில் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 356 சதுர கிலோமீட்டர் பரப்பு அது. அதற்கு முன்பும் அது காப்புக்காடே. ஆயினும் சரணாலயம் ஆனபின் வாயில் முற்றாகச் சாத்தப்பட்டது எனலாம்.

அதனைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. அடிவாரத்துத் தோப்புகளில் இரவில் யானை புகுந்து தென்னையைச் சாய்த்தது என்னும் செய்தியை வடகரை, மேக்கரைப் பக்கத்து உறவினர் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். காட்டின் விளிம்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்ததன் பயன் அது. காட்டைக் காட்டுக்கே விட்டுவிடுவது முறைதான். எனினும், மலையை ஒரு திரைச்சீலை ஓவியம்போல் தொலைவிலிருந்தே கண்டு வளரும் தலைமுறை ஒன்று உருவாகிவிட்டதே என்னும் கவலையும் எங்களை விட்டபாடில்லை. காணாத ஒன்றை எவ்வாறு காப்பர்?

குற்றாலம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து சாரலைக் கொண்டுவரும். மலைத்தொடர் அங்கே தாழ்ந்து வழிவிடுவதால் அப்பகுதிக்கு மட்டும் அப்பேறு. அதே நாளில் எங்கள் தெருவில் காற்று மட்டும் வீசும். சாரல் அத்தி பூத்தாற்போல் எப்போதோ ஒருமுறை வரும். ஆகவே ஆண்டுதோறும் குற்றாலம் செல்வது எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு விட்டுப்போகாத வழக்கம். ஆனால் செல்வோர் செய்வது யாது? எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியின்கீழ் நிற்கிறோம், பசி மிக, உணவு கொள்கிறோம், மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குகிறோம், வீடு திரும்புகிறோம். தலையில் விழும் நீர் எங்கிருந்து வருகிறது என அண்ணாந்து நோக்கியவர் எத்துணை பேர்? நாங்களும் நெடுங்காலம் நோக்கியதில்லை.

நீர் வரும் வழியோ அழகியது. மலையுச்சிப் பகுதியில் தேனருவி. அதற்குக் கீழே செண்பகாதேவி அருவி. அதற்கும் கீழே ஊரார் அனைவரும் நீராடும் பேரருவி. மூன்றும் ஒரே சிற்றாற்றின் மூன்று படிகள். அச்சிற்றாறு தென்காசியைத் தொட்டு ஓடி, சீவலப்பேரியருகே தாமிரவருணியில் கலக்கிறது. பேரருவியில் நனைந்தோர் செண்பகாதேவியின் நீரிலும் தேனருவியின் நீரிலும் அறியாமலேயே நனைந்தவராகின்றனர். பேரருவியிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் மலைவழி ஏறினால் செண்பகாதேவி. முன்னாளில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பங்கள் ஏறிச்சென்ற வழி இது. பிற்காலத்தில் அங்குள்ள ஆழ்ந்த தடாகத்தில் உயிரிழப்புகள் நேர்ந்தமையாலும், வனத்தின் நலன் கருதியும் அவ்வழி அடைக்கப்பட்டது. சித்திரைப் பௌர்ணமியில் மேலேயுள்ள அம்மன் கோயிலுக்குச் செல்வோர்க்கு மட்டும் இசைவு உண்டு.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாளைத் தமிழகம் எளிதில் மறவாது. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றோர் 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் இளைஞர். மலைமேல் கொண்ட பற்றினால் சென்றவர்கள். அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வனத்துறையின் வாயிலாகத் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பெற்றது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள்; பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன்வருவர். அந்நாற்பதனுள் ஒன்று குற்றாலத்திலிருந்து செண்பகாதேவிக்குச் செல்லும் பழைய வழி என்பதைச் செய்தித்தாளில் படித்த அன்றே எங்கள் வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது.

பேச்சு என்பதினும் வழக்காடல் என்பதே பொருத்தம். பிள்ளைகளை அழைத்துச் செல்வதில் கருத்து வேறுபாடு இல்லை. மூத்தவள் பதினொன்றாம் வகுப்பு, நடப்பாள். இளையவன் ஓடுவான். ஆச்சியைப் பற்றியே வழக்கு. அறுபத்தெட்டு வயது; முழங்காலில் வலி உண்டு; வீட்டுப் படியேறினாலே ஒரு கை சுவரைப் பற்றும். "கீழே அறை எடுத்துத் தருகிறோம், இருந்துகொள்ளுங்கள்" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் காலை தொடங்கித் தெருக்கோடிவரை நடந்து திரும்பலானார். ஒரு வாரத்தில் அது பேருந்து நிலையம் வரை நீண்டது. மூன்றாம் வாரத்தில், "நான் வராம நீங்க எந்த வழியில போவியன்னு தெரியுமா?" என்றார். வழிகாட்டி உடன்வருவார் என்னும் உண்மையை எடுத்துரைக்க எங்களுள் எவருக்கும் அப்போது துணிவு பிறக்கவில்லை.

தை மாதத்து விடுமுறை நாளொன்றில் விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டோம். சொக்கம்பட்டி, கடையநல்லூர், இடைகால் எனத் தெற்கே செல்லச்செல்ல மலை வலப்புறத்தில் உடன்வந்தது. எங்கள் ஊரில் தொலைவில் நிற்கும் அது, தென்காசியை நெருங்கும்போது சாலையின் தோளருகே வந்து நிற்பதுபோல் தோன்றும். மூன்று முகடுகள் கூடி நிற்பதால் திரிகூடம் என்னும் பெயர் பெற்ற மலை அது. அம்மலையையும் நகரையும் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் ஊர் மேலகரம், தென்காசிக்கு மிக அண்மையது. அவருடைய குறவஞ்சியை வகுப்பறையில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். குறத்தி மலைவளம் கூறும் பகுதியை மாணவர் விரும்பிக் கேட்பர். குரங்குகள் வருமிடத்தில் சிரிப்பர். ஆயினும் நூலாசிரியர் கண்முன் நின்ற மலையின் வழியே ஒரு கல்தொலைவேனும் நடந்து பார்த்துவிட்டு அதனை நடத்தவேண்டும் என்னும் ஆசை ஆண்டுக்காண்டு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

வழிகாட்டிகள் இருவர். மலையடிவாரத்து ஊரினர், இருபத்தைந்து வயதுக்குட்பட்ட இளைஞர். எங்களோடு வேறிரு குடும்பத்தினரும் சேர்ந்தனர். நெகிழிப் பைகளை வாங்கி வைத்துக்கொண்டனர். உரத்துப் பேசலாகாது, வழிவிட்டு விலகலாகாது, தடாகத்தில் இறங்கலாகாது என மூன்று கட்டளைகளை முதலிலேயே உரைத்தனர். மூத்த வழிகாட்டி ஆச்சியின் காலையே சிறிது நேரம் நோக்கினார். பிறகு, "ஆச்சி, நீங்க முன்னால நடங்க. உங்க நடைக்குத்தான் எல்லாரும் நடக்கணும்" என்றார். நாங்கள் பல நாள் வழக்காடித் தீராத சிக்கலை அவர் ஒரு சொல்லில் தீர்த்துவிட்டார். மலைவழியில் கூட்டத்தின் வேகம் என்பது மெல்ல நடப்பவரின் வேகமே என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கிற்று. விரைந்து நடப்போரை முன்னே விட்டால் கூட்டம் அறுந்துபோகும். யானை வரினும் தெரியாது, ஒருவர் விழினும் தெரியாது.

கடைவீதியின் ஓசையும் வாகனங்களின் இரைச்சலும் முதல் வளைவிலேயே குறைந்தன. இரண்டாம் வளைவில் அருவியோசை மட்டும் எஞ்சிற்று. மூன்றாம் வளைவில் அதுவும் மரங்களுக்குள் அமிழ்ந்துபோயிற்று. கல்லும் வேரும் கலந்த பாதை. சில இடங்களில் பழைய கற்படிகள் தேய்ந்து கிடந்தன; எத்தனை தலைமுறைக் கால்கள் தேய்த்தவையோ! ஆச்சி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "செருப்புக்கு மலை தெரியாது" என்றார். வெறுங்காலால் கல்லின் சாய்வை முன்னதாகவே அறிந்து, பக்கவாட்டில் பாதத்தை வைத்து, குறுக்கும் மறுக்குமாக ஏறினார். விலை கொடுத்து வாங்கிய காலணிகளோடு நாங்கள் நேராக ஏறி நேராக வழுக்கினோம்.

இளையவன் முதல் கால்மணி நேரத்தில் பத்துமுறை முன்னே ஓடிப் பத்துமுறை திருப்பி அழைக்கப்பட்டான். அரைமணியில் ஓய்ந்து ஆச்சியின் முந்தானையைப் பற்றிக்கொண்டான். அப்போதுதான் அவன் கண்கள் திறந்தன எனலாம். கிளைக்குக் கிளை பாய்ந்த செம்பழுப்பு நிற மலையணிலை முதலிற் கண்டவன் அவனே. வீட்டு அணிலைக் கண்டு பழகியவனுக்கு அதன் உருவம் நம்ப முடியாததாக இருந்தது. பூனையளவு இருந்தது எனச் சாதித்தான். வாலையும் சேர்த்து அளந்தால் அவன் கூற்று மிகையன்று. உண்மையில் பூனையைவிட அது நீளமானதே. அப்பால் கருமந்திகளின் குரல் கேட்டது, உருவம் தென்படவில்லை. வழிகாட்டி கை உயர்த்தவே அனைவரும் நின்றோம். பேச்சில்லாமல் ஐந்து நிமிடம் ஒருங்கே நின்ற நினைவு எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் இல்லை.

இவ்விடத்தில் மூத்தவளின் குறிப்பேட்டைப் பற்றிக் கூறவேண்டும். பள்ளியில் நடந்த போட்டியொன்றிற்காக, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 மலர்களின் பெயர்களையும் அவள் மனப்பாடம் செய்து பரிசும் பெற்றிருந்தாள். அம்மலர்களை மலையில் அடையாளங்காண வேண்டும் என்பது அவள் எண்ணம். குறிப்பேட்டின் இடப்புறத்தில் பெயர்கள், வலப்புறத்தில் வெற்றிடம். வேங்கையைக் கண்டாள், பூக்கும் பருவம் அன்று. செண்பக மரத்தைக் காட்டினார் வழிகாட்டி. அருவிக்குப் பெயர் தந்த மரம். அதனையும் குறித்துக்கொண்டாள். அதன்பின் வடவனம் எது, எறுழம் எது, போங்கம் எது, பசும்பிடி எது என அவள் கேட்கக்கேட்க வழிகாட்டி விழித்தார். மாறாக அவர், இது பிள்ளைமருது, இது தான்றி, இது வெக்காலி, ஓடையோரத்தில் நிற்பது ஈத்தை எனக் காட்டிக்கொண்டே வந்தார். அவளுக்கு அவற்றுட் பெரும்பாலான தெரியவில்லை. பெயர்கள் அவளிடம் இருந்தன. மரங்கள் அவரிடம் இருந்தன. உரையாசிரியர்களும் அகராதிகளும் அப்பெயர்களுள் பலவற்றிற்கு 'ஒருவகை மலர்', 'ஒருவகை மரம்' என்றே பொருள் எழுதிச் சென்றதை வகுப்பறையில் பலகாலும் கண்ட நாங்கள், அதன் காரணத்தை அன்று மலைச்சரிவில் நின்று கண்டோம்.

காலப்போக்கில் பெயர்கள் மாறுவது இயல்பு; அதற்காக வருந்துவதற்கில்லை. ஆனால் மாறிய பெயரை அறிந்தோரும் காட்டை விட்டு வெளியேறிய பின், பழைய பெயரை நூலில் மட்டும் காத்துவைத்து என்ன பயன் என்னும் வினா எழத்தான் செய்கிறது. வழிகாட்டி தம் பாட்டனாரிடம் கற்றவற்றில் பாதிதான் தமக்கு நினைவிலுள்ளது என்றார். அப்பாதியேனும் அவருக்கு ஊதியம் தரும் அறிவாக மாறியிருப்பது இத்திட்டத்தின் நற்பயன்களுள் தலையாயது என்பது எங்கள் கருத்து.

ஓய்ந்து அமர்ந்த இடத்தில் வேறொரு குடும்பத்துத் தலைவர், "காசு கட்டி, பெயர் பதிந்து, காவலோடு நடப்பதும் ஒரு மலையேற்றமா? வெளிநாட்டில் இப்படியா?" எனக் குறைபட்டார். அவருக்குக் கூறிய மறுமொழியை ஈண்டும் எழுதுகிறோம். பிரான்சு நாட்டின் மார்சேய் நகரை ஒட்டி, மத்தியதரைக் கடற்கரையில் கலாங்க் தேசியப் பூங்கா உள்ளது, 2012இல் உருவாக்கப்பட்டது. வெண்சுண்ணப் பாறைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் கரடுமுரடான நிலம். குடும்பம் குடும்பமாக அங்கு நடைபயணம் செல்வர். கோடையில் காட்டுத்தீ அச்சம் மிகுதியாதலால், மறுநாள் பூங்கா திறக்குமா என்பதை முதல்நாள் மாலையில்தான் அறிவிப்பர். அபாயம் மிகுமாயின் வழிகள் அடைக்கப்படும். அப்பூங்காவினுள் சுஜித்தோன் என்னும் சிறு கடற்குடாவிற்குக் கோடை நாளொன்றில் 2,500 பேர் வரை வந்து மிதித்ததால் மண் அரித்துப் பைன்மரங்களின் வேர்கள் வெளியே தெரியலாயின. 2022 முதல் அங்குக் கோடையில் நாளொன்றுக்கு 400 பேர்க்கு மட்டுமே இசைவு. முன்பதிவு கட்டாயம், கட்டணம் இல்லை. இத்தாலியின் சிங்குவே தேர்ரே கடற்கரைப் பூங்காவில் புகழ்பெற்ற 'காதலர் பாதை', 2012இல் பாறை சரிந்து நால்வர் காயமுற்றபின் அடைக்கப்பட்டு, 2024இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள்! அங்கும் இன்று கட்டணமும் முன்பதிவும் உண்டு. கடலோரமாயினும் மலையோரமாயினும், மிகுதியானோர் விரும்பும் இடத்திற்கு வேலி வந்தே தீரும் போலும்.

அவர் கூறியதில் உண்மையே இல்லை என நாங்கள் கூறமாட்டோம். பதிவு முழுதும் இணையவழி. எங்கள் ஊர்த் தோப்புகளில் எலுமிச்சை பறிக்கும் பெண்களுக்கு மலை கூப்பிடு தொலைவில் இருக்கிறது. இப்பதிவோ எட்டாத் தொலைவில் இருக்கிறது. பிரான்சு நாட்டுப் பூங்காவில் கட்டணமின்றிப் பதிவு என்பதை அவரிடம் அழுத்திச் சொன்னதும் இதனாலேயே. மலையடிவாரத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு ஆண்டுக்கொரு நாளேனும் கட்டணமின்றி இவ்வழிகளைத் திறந்துவிடலாம். மலையை நாள்தோறும் காண்போர்க்கு அதனுள் நடக்கும் வாய்ப்பு முதலில் வாய்க்கவேண்டும் அன்றோ?

இவ்வுரையாடலில் ஆச்சி கலந்துகொள்ளவில்லை. எழுந்து நடக்கையில்தான் தாமாகவே பேசத் தொடங்கினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், மணமான புதிதில், தெருவார் பதினைந்து பேருடன் இதே வழியில் வந்தாராம். சித்திரை மாதம், நீர் குறைவு, தடாகம் அமைதியாக இருந்தது. அடுத்த வீட்டுப் பையன் ஒருவன், பதினாறு வயதிருக்கும், நீச்சல் அறிந்தவன். பாறையிலிருந்து குதித்தான். எழவில்லை. மறுநாள் முற்பகலில்தான் உடல் கிடைத்தது. அவன் தாய்க்குச் செய்தி சொல்லும் பொறுப்பு, வீடு அடுத்திருந்த காரணத்தால், ஆச்சியின்மேல் விழுந்தது. "என்ன சொன்னேன்னு நெனவில்ல. அவுக வாசல் தெளிச்சிட்டு இருந்தாக. அது மட்டும் நெனவிருக்கு" என்றார். அன்றுமுதல் அவர் இம்மலையில் ஏறியதில்லை. இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் இதனை நாங்கள் கேட்டதில்லை. மூன்று வாரம் பேருந்து நிலையம் வரை அவர் நடந்த நடையின் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

செண்பகாதேவி பேரருவியைப்போல் உயர்ந்ததன்று. முப்பது அடியளவில் விழும் அருவி. தை மாதத்து நீர் வெண்மையாகவும் மெலிந்தும் இறங்கியது. கீழே தடாகம் கரும்பச்சை நிறத்தில் அசைவற்றுக் கிடந்தது. விழும் நீரின் வேகம் பாறையைக் குடைந்து அடியில் குகைபோல் ஆக்கிவிடும் என்றும், மேலே தெளிந்திருந்தாலும் உள்ளே சுழல் உண்டு என்றும் வழிகாட்டி விளக்கினார். தள்ளியிருந்த பாறைமேல் அமர்ந்தோம்.

இளையவன் விடவில்லை. "இவ்வளவு தூரம் ஏறி வந்து குளிக்காமல் போவதா? கரையிலாவது கால் நனைக்கிறேன்" என்றான். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் புரண்டு வந்ததையும், பதினேழு வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததையும் எடுத்துச் சொன்னோம். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர்க்குத் தெரியாது. வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும் என விளக்கினோம். அவன் வானத்தை நோக்கினான்; தையில் ஏது மழை என்றான். விடை சொல்லத் தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஆச்சி அவன் கையைப் பற்றி, தடாகத்தின் மறுகரையிலுள்ள பாறையொன்றைக் காட்டினார். "அதுலருந்துதான் குதிச்சான்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. அவன் அப்பாறையை நெடுநேரம் பார்த்தான். பிறகு, "அந்த அண்ணன் பேர் என்ன ஆச்சி?" என்று கேட்டான். அவர் பெயரைச் சொன்னார். அப்பெயரை உரக்கச் சொல்லி ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கும் போலும். சொல்லும்போது குரல் தடுமாறிற்று. அதன்பின் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்து முதல் உருண்டையை அவனுக்கே கொடுத்தார். மீதியை வழிகாட்டிகளுக்கும் சேர்த்துப் பகிர்ந்தார். எங்கள் ஊர் எலுமிச்சை என்று கூறுவதில் அவருக்கு ஒரு பெருமை. அன்று அதனை இருமுறை கூறினார்.

தேனருவிக்கு இன்னும் மேலே செல்லவேண்டும், அதற்கு இசைவில்லை. பாறையிடுக்குகளில் தேன்கூடுகள் தொங்குவதால் அப்பெயர் பெற்றது என்பர். ஆச்சியும் அதனைக் கண்டதில்லை. காணாத இடம் ஒன்றேனும் மேலே இருப்பது குறித்து எங்களுக்கு உள்ளூர ஒரு நிறைவே ஏற்பட்டது.

இறக்கம் ஏற்றத்தினும் கடியது. முழங்கால் நோவுடையவர்க்கு அதுவே சோதனை. இளைய வழிகாட்டி ஒரு காட்டுக்கம்பை வெட்டாமல், விழுந்து கிடந்ததைத் தேடியெடுத்து, முனையைக் கல்லில் தேய்த்து ஆச்சியிடம் கொடுத்தார். வளைவுகளில் இளையவன் முன்னே இறங்கி நின்று கை நீட்டினான். அவன் தோளைப் பற்றி அவர் இறங்கினார். ஏறும்போது முந்தானையைப் பற்றியவன் இறங்கும்போது தோள் கொடுத்ததை நாங்கள் கண்டும் காணாததுபோல் பின்னே வந்தோம். பேசினால் இருவரும் நாணிவிடுவர். மரங்களின் இடைவெளியில் ஓரிடத்தில் தென்காசிச் சமவெளி தெரிந்தது. குளங்கள் வெயிலில் தகடுகள்போல் மின்னின. அவ்வளவு நீரும் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்த வழியாகவும் இதுபோன்ற வழிகளாகவும் இறங்கியது என்பதை மூத்தவள் கணக்கிடுவதுபோல் நின்று நோக்கினாள்.

காட்டுத்தீக் காலமாகிய பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் நடு வரை இவ்வழிகள் மூடப்படும் என வழிகாட்டிகள் கூறியிருந்தனர். அவ்விரு மாதங்களில் தோப்பு வேலைக்குச் செல்வதாகச் சொன்னார் மூத்தவர். வெயில் முதிர்ந்த பங்குனியில் அவரைத் தேடி அவருடைய ஊருக்கே நாங்கள் சென்றோம். காரணம் மூத்தவளின் குறிப்பேடு. வலப்புறத்தில் அவள் எழுதிவைத்த ஊர்வழக்குப் பெயர்கள் 17. அவற்றுள் ஆறு, எங்கள் வீட்டிலும் கல்லூரி நூலகத்திலும் உள்ள அகராதிகள் எதிலும் இல்லை. அவருடைய பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருந்தார், பார்வை மங்கியவர். அவள் கொண்டுசென்ற உலர்ந்த இலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கசக்கி முகர்ந்து பெயர் சொன்னார். நான்கிற்குப் பேரன் சொன்ன பெயரையே சொன்னார். ஐந்தாவதற்கு வேறொரு பெயர் சொல்லி, பேரனை இலேசாக வைதார். ஆறாவதை இருமுறை முகர்ந்துவிட்டு, பூவைக் கொண்டுவா, பிறகு சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுத்தார். அம்மரம் ஆடியில் பூக்குமாம். ஆடிக்குப் பதிவு செய்யவேண்டும் என்று ஆச்சி இப்போதே நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.